கடன் வாங்கிய கோயிலில் ஒன்றரை மணித்தியாலம்



சென்ற இதழைப் படித்துவிட்டு ஒரு தாயார் எழுதியிருக்கிறார். ரொறன்ரோவுக்கு வந்து பதினொரு மாதமாகிறதாம். அவர்கள் போகும் தமிழ் ஆராதனை ஒரு கனேடியச் சபையின் கோயிலில், ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு நடக்கிறது. வருகிற நவம்பர் முதல் ஞாயிறு ஆராதனையை ஒழுங்கு செய்யும் பொறுப்பை இவர்களுடைய தொடர்மாடியில் இருக்கும் குடும்பங்களிடம் விட்டிருக்கிறார்கள். "மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று போனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். ஆங்கிலத்தில் நடத்தினால் மாமி வீட்டிலேயே இருந்துவிடுவார். எந்தெந்தப் பாட்டுகள் போடலாம் என்று எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

பாட்டுப் பட்டியல் கொடுப்பது சுலபம். ஆனால் அந்தக் கடிதத்தில் இருக்கும் கேள்வி பாட்டைப் பற்றியது அல்ல. ஒரே குடும்பத்தில் மாமி ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமுமாகப் போய்விடாமல் இருவரையும் ஒரே வாங்கில் இருத்தி வைப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு ஆராதனையைக் கொஞ்சம் யோசித்துத் திட்டமிட வேண்டியிருக்கிறது.

எங்களில் பலருக்குத் திட்டமிடுவது என்றால் ஐந்து பாட்டு, இரண்டு பாடம், ஒரு பிரசங்கம், காணிக்கை, ஆசீர்வாதம் என்று ஒரு தாளில் எழுதி எதிரே பெயர்களைப் போட்டுவிடுவதுதான். ஊரில் அது போதும். அங்கே மிச்சம் எல்லாம் தானாகவே இருந்தது. கோயில் எங்களுடையது, திறப்பும் எங்களிடம். மணி அடித்தால் கேட்கிற தூரத்தில் வீடுகள். எல்லோருக்கும் ஒரே பாஷை, ஒரே பாட்டுப் புத்தகம். மெதடிஸ்தர் ஒரு கோயில், அங்கிலிக்கன் ஒரு கோயில், தென்னிந்தியத் திருச்சபை ஒரு கோயில், கத்தோலிக்கர் ஒரு கோயில் என்று அவரவர் வழக்கம் அவரவருக்கு. இங்கே இவர்கள் எல்லோரும் ஒரே மண்டபத்தில் நிற்கிறார்கள். அதுவும் இன்னொருவர் கோயிலில், ஐந்தரை மணிக்குள் வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஆகவே தாளில் முதலில் எழுத வேண்டியது ஆட்களை. அன்று யார் யார் வருவார்கள்? சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய, ஆனால் சின்ன எழுத்துத் தெரியாத அம்மம்மா. வீட்டில் தமிழ் கதைக்கும், ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள். ஐந்தே காலுக்கு உணவகத்து வேலைக்கு ஓட வேண்டிய ஒரு தம்பி. மனைவிக்காக வந்து பின்வரிசையில் அமைதியாக இருக்கும் ஒரு சைவக் கணவர். போன கிழமைதான் விமானத்தால் இறங்கிய ஒரு குடும்பம். காணாமல் போன மகனுக்காக இன்னும் காத்திருக்கும் ஒரு தாய். இப்படி எழுதிவிட்டு, இவர்களில் ஒவ்வொருவருக்கும் அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் எந்த இடம் சொந்தமாக இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு ஒன்றுமே இல்லாத ஆராதனைகள் எங்களிடையே எத்தனையோ நடக்கின்றன.

இது புதுப் பிரச்சினை அல்ல. கி.பி. 155ஆம் ஆண்டளவில் உரோமை நகரில் இருந்த யுஸ்தீன் என்பவர், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையில் கூடி என்ன செய்கிறார்கள் என்று அரசனுக்கு விளக்கி எழுதியிருக்கிறார். அவரும் வந்தேறிதான். பிறந்தது இன்றைய நாப்லுஸ் நகர் இருக்கும் இடத்தில். நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்போஸ்தலருடைய குறிப்புகளையும் தீர்க்கதரிசிகளையும் நேரம் உள்ளவரை வாசிக்கிறார்கள். தலைமை தாங்குபவர் புத்தி சொல்கிறார். எல்லோரும் எழுந்து மன்றாடுகிறார்கள். அப்பமும் இரசமும் பகிரப்படுகின்றன. வரமுடியாதவர்களுக்கு உதவியாளர் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். பிறகு சேர்ந்த காணிக்கையை யார் யாருக்குக் கொடுக்கிறார்கள் என்றும் சொல்கிறார். அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், தங்கள் நடுவே வந்து தங்கியிருக்கும் அந்நியர்கள்.

அந்தக் கடைசிப் பெயர் எங்களுடையது. 'நேரம் உள்ளவரை' என்பதையும் கவனியுங்கள். அவர்களையும் யாரோ எழுப்பிவிடத்தான் போகிறார்கள்!

கூடிவருதல், வசனம், பந்தி, அனுப்புதல் என்ற இந்த நான்கு படிகளும் இன்றுவரை பெரும்பாலான சபைகளின் ஆராதனைக்கு அடியில் கிடக்கின்றன. பூசைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் 'மாஸ்' என்ற பெயரே கடைசியில் சபையை அனுப்பிவைக்கும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் ஒரே தாளின் முன்னால் இருந்து திட்டமிடும்போது, 'உங்கள் முறையா எங்கள் முறையா' என்று தொடங்காமல் இந்த நான்கில் தொடங்கினால் சண்டை குறையும்.

இனி மணிக்கூட்டுக்கு வருவோம். தொண்ணூறு நிமிடம் என்றால் உண்மையில் எவ்வளவு? ஒரு கீர்த்தனையை எல்லாச் சரணங்களோடும் பாடினால் ஏழு, எட்டு நிமிடம். ஞானப்பாட்டு என்றால் நாலு, ஐந்து. ஐந்து பாட்டுக்கு அரை மணித்தியாலம் என்று வைப்போம். இருபத்தைந்து நிமிடப் பிரசங்கத்தை வசனத்துக்கு வசனம் மொழிபெயர்த்தால் ஐம்பது. பாடங்களுக்குப் பத்து, செபத்துக்குப் பத்து, அறிவித்தலுக்கும் நன்றி சொல்லுதலுக்கும் பதினைந்து. கூட்டிப் பாருங்கள், நூற்றுப் பதினைந்து. பந்தியும் காணிக்கையும் இன்னும் வரவில்லை. வழக்கமாக என்ன நடக்கிறது? பிரசங்கத்திலும் அறிவித்தலிலும் யாரும் கை வைப்பதில்லை. மன்றாட்டுச் செபம் இரண்டு வரியாகச் சுருங்குகிறது. ஆசீர்வாதத்தை எல்லோரும் குளிர்ச்சட்டையைப் போட்டபடி வாங்குகிறார்கள்.

ஆகவே நேரத்தை முதலிலேயே பங்கு போடுங்கள். கூடிவருதலுக்குப் பத்து நிமிடம், வசனத்துக்கு முப்பத்தைந்து, மன்றாட்டுக்கு இருபது, பந்திக்கும் காணிக்கைக்கும் பதினைந்து, அனுப்புதலுக்கு ஐந்து. மிச்சம் ஐந்து நிமிடம் ரி.ரி.சி. பஸ்ஸுக்காகக் காத்துநின்று பிந்தி வருகிற சனத்துக்கு. அறிவித்தல்களை ஒரு தாளில் அடித்துக் கொடுத்துவிடலாம். பொன்னாடை போர்த்துவது, பிரதம விருந்தினரை அறிமுகம் செய்வது எல்லாம் கீழ் மண்டபத்தில், தேத்தண்ணியும் றோல்ஸும் எடுக்கும்போது. அங்கே எவ்வளவு நேரம் பேசினாலும் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள், றோல்ஸ் முடியும்வரை.

மொழி விஷயத்தில் என் கருத்தைத் திறந்தே சொல்லிவிடுகிறேன். பிரசங்கத்தை வசனத்துக்கு வசனம் மொழிபெயர்ப்பது இரண்டு பக்கத்தாரையும் ஒரே நேரத்தில் களைக்கப்பண்ணும் வழி. தமிழ் தெரிந்தவர் ஆங்கிலம் வரும்போது யோசனையில் போய்விடுகிறார். ஆங்கிலம் தெரிந்த பிள்ளை தமிழ் வரும்போது போனை எடுக்கிறது. போதகருடைய கதையின் ஓட்டமும் அறுந்து போகிறது. இதைவிட, பிரசங்கத்தைப் பதினைந்து நிமிடத்துக்குள் தமிழில் வைத்துக்கொண்டு, அதற்கு முன் பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு அதே பாடத்தின் கதையை ஐந்து நிமிடத்தில் ஆங்கிலத்தில் சொல்லலாம். பிரசங்கத்தின் சாரத்தை அரைப் பக்க ஆங்கிலத்தில் அடித்தும் கொடுக்கலாம். போதகர் இரண்டு நாளைக்கு முன்பே சாரத்தை எழுதித் தர வேண்டியிருக்கும். அது அவருக்கும் நல்லது.

நெகேமியா புத்தகத்தின் எட்டாம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பிய சனம் தண்ணீர் வாசலுக்கு முன் கூடுகிறது. எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசிக்க, லேவியர் சனத்துக்கு அதன் பொருளை விளங்கப்படுத்துகிறார்கள். ஆண், பெண், விளங்கிக்கொள்ளக்கூடிய வயதில் இருந்த எல்லோரும் அங்கே நின்றார்கள் என்று இருக்கிறது. விளங்கியபடியால் அழுதார்கள், பிறகு விருந்துண்ணப் போனார்கள். பவுலும் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபம் பதினான்காம் அதிகாரத்தில், சபையிலே விளங்காத பாஷையில் பேசும் ஆயிரமாயிரம் சொல்லைவிட விளங்குகிற ஐந்து சொல்லே தனக்கு மேல் என்கிறார். எங்களுடைய இளையவர்களுக்கு முதற்பாடத்தின் சுத்தத் தமிழ் விளங்காத பாஷைதான். அது அவர்களுடைய குற்றமும் அல்ல, எங்களுடைய குற்றமும் அல்ல.

வேதாகமத் தமிழிலும் ஒரு தெரிவு இருக்கிறது. பெரியவர்கள் மனப்பாடம் செய்திருப்பது பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. அதன் நடை இன்றைய தமிழுக்குக் கிட்ட நிற்கிறது. சங்கீதத்தைப் பழையதில் எல்லோருமாகச் சொல்லுங்கள், அம்மம்மாவுக்குத் தாள் தேவைப்படாது. பாடங்களைப் புதியதில் வாசியுங்கள். 'கர்த்தர்' என்று ஒன்றிலும் 'ஆண்டவர்' என்று மற்றதிலும் வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டையும் ஒரே ஆராதனையில் கேட்டு வளரும் பிள்ளைக்கு இரண்டு சபையாரும் சொந்தக்காரர் ஆகிறார்கள்.

பாடங்களை எங்கிருந்து எடுப்பது? இங்கே ஐக்கிய சபை, அங்கிலிக்கன், லூதரன் சபைகளில் பெரும்பாலானவை 1992இல் வெளிவந்த பொதுப் பாட அட்டவணையைப் பின்பற்றுகின்றன. கத்தோலிக்கரின் 1969ஆம் ஆண்டு அட்டவணையிலிருந்து பிறந்த பிள்ளை அது. மூன்று ஆண்டுச் சுழற்சி: ஓராண்டு மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா. யோவான் இடையிடையே வருவார். 2025 நவம்பர் 30இல் ஆரம்பமான ஆண்டு மத்தேயுவுக்கு, 2026 நவம்பர் 29இல் ஆரம்பமாகும் ஆண்டு மாற்குவுக்கு. இதன் பெரிய நன்மை, எந்த ஞாயிறு எந்தப் பாடம் என்று மாதக்கணக்கில் முன்பே தெரிந்துவிடுவது. காலையில் அதே கோயிலில் கனேடியர் கேட்ட பாடத்தையே பின்னேரம் நாங்களும் கேட்கலாம். கடிதம் எழுதிய தாயாரின் மகளுக்கு ஒரு பாடத்தை மூன்று கிழமைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், தமிழில். வாசிக்கத் தெரியாதென்றால் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்து, மாமியைப் பக்கத்தில் இருத்திச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். மாமிக்கும் மகளுக்கும் மூன்று கிழமைக்கு ஒரு சோலி கிடைக்கும். அன்றைக்குத் தப்பும் தவறுமாக வாசித்தாலும் மாமி ஒரு வசனத்தையும் விடாமல் கேட்பார்.

இப்போது அந்தத் தாயார் கேட்ட பாட்டு விஷயம். கலந்த சபைக்கு ஆங்கில மெட்டில் அமைந்த ஞானப்பாட்டுகள்தான் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் மறுபக்கமாக இருக்கிறது. ஞானப்பாட்டில் நாலு, ஐந்து சரணமும் புதுச் சொற்கள். வாசிக்கத் தெரியாதவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வெளியேதான் நிற்க வேண்டும். கீர்த்தனையில் பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவரோ ஒரு சிறு குழுவோ சரணத்தைப் பாடட்டும், சபை முழுவதும் பல்லவியைப் பிடிக்கட்டும். மூன்றாம் தரம் வரும்போது ஆறு வயதுப் பிள்ளையும் தாளைப் பாராமல் பாடும். பின்வரிசையில் இருக்கும் சைவக் கணவருக்கு இந்த வடிவம் தேவாரப் பண்ணோடும் சங்கீதக் கச்சேரியோடும் வளர்ந்த காதுக்குப் பழக்கமானது. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் இராகமும் தாளமும் குறித்து எழுதி வைத்துவிட்டுப் போனது இந்தக் குளிர் நாட்டில் இப்படி உதவும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் யாழ்ப்பாணத்து மெதடிஸ்தப் போதகர் டி. ரி. நைல்ஸ் (1908–1970) கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டுக்காக ஆசிய நாட்டுப் பாடல்களைச் சேர்த்து 1963இல் ஒரு பாட்டுப் புத்தகத்தையே வெளிக்கொணர்ந்தார். எங்கள் மெட்டில் தொழுவது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல என்பதை அந்தத் தலைமுறை எங்களுக்கு முன்பே கண்டிருக்கிறது.

ஒரு சின்ன வேண்டுகோள். கீபோட்டில் தானாகத் தாளம் போடும் பொத்தானை அன்றைக்கு மட்டும் தொடவேண்டாம். ஒரு மிருதங்கமோ, அது இல்லாவிட்டால் வெறும் கைத்தாளமோ போதும்.

ஆமென், அல்லேலூயா, ஓசன்னா என்ற மூன்றும் எபிரேயச் சொற்கள். தமிழருக்கும் சொந்தமில்லை, ஆங்கிலேயருக்கும் சொந்தமில்லை. எல்லோர் வாயிலும் ஒன்றாக வருவது இவைதான். இவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

பந்தியைப் பற்றிச் சுருக்கமாக. அபிஷேகம் பெற்ற ஐயரோ சுவாமியோ கிடைக்காத ஞாயிறில் பந்தியைப் போல ஒன்றைச் செய்து காட்ட வேண்டாம், வசன ஆராதனையாகவே முழுமையாக நடத்துங்கள். பந்தி உள்ள நாளில் யார் வாங்கலாம், யாருடைய சபை அனுமதிக்கிறது என்பதைப் பந்திக்கு முன் அன்பாக ஒரு வசனத்தில் சொல்லிவிடுங்கள். கத்தோலிக்க ஒழுங்கு வேறு, மற்றவர்களுடையது வேறு. வாங்காதவர்கள் கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து முன்னால் வந்து ஆசீர்வாதம் பெறலாம், அல்லது இடத்திலேயே இருக்கலாம் என்றும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், எழுந்து போவதா இருப்பதா என்று தெரியாமல் அந்தரப்படுபவர் அடுத்த கிழமை வரமாட்டார்.

எல்லாவற்றையும் விடக் கூடுதலாக யோசிக்க வேண்டிய இடம் மன்றாட்டு. அதிலும் உங்களுக்குக் கிடைத்திருப்பது நவம்பர் முதல் ஞாயிறு. நவம்பர் முதலாம் திகதி சகல பரிசுத்தவான்கள் திருநாள், இரண்டாம் திகதி மரித்தோர் நினைவு. பல சபைகள் முதல் ஞாயிறிலேயே பரிசுத்தவான்களை நினைவு கூருகின்றன. எங்கள் குடும்பங்களில் இறந்தவர் இல்லாத வீடு எது? முறையாக அடக்கம் செய்யக் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? 1995 யூலை 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நவாலி தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2004 டிசெம்பர் 26 கடல் வந்ததும் ஒரு ஞாயிறு காலைதான். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்தவர்களின் கணக்கு இன்னும் முடியவில்லை. 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் ஆராதனைக்கு வந்தவர்களே கொல்லப்பட்டார்கள். சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர்.

இவ்வளவையும் மனதில் சுமந்துகொண்டு வருகிற சனத்துக்கு மகிழ்ச்சிப் பாட்டை மட்டும் போட்டு அனுப்புவது சரியல்ல. சங்கீதப் புத்தகம் அப்படிச் செய்யவில்லை. அதிலே புலம்பல்கள் ஏராளம். பதின்மூன்றாம் சங்கீதம் ஆறே வசனம். எவ்வளவு காலம் என்ற கேள்வி தொடக்கத்திலேயே நான்கு தரம் வருகிறது. பிள்ளைகளுக்கும் அது விளங்கும். எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வசனம் ஒன்றைக் கடைசியில் ஒட்டிவைக்க யாரும் முயலவில்லை. நூற்று முப்பத்தேழாம் சங்கீதம் அந்நிய நாட்டில் பாடுவது எப்படி என்று கேட்கிறது. அன்றைக்கு இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

பெயர்களை வாசிப்பதென்றால் ஒரு கவனம் தேவை. இரண்டு கிழமைக்கு முன்பே ஒரு கொப்பியை வாசலில் வைத்துப் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியில் இரண்டு பகுதி இருக்க வேண்டும். ஒன்று இறந்தவர்களுக்கு. மற்றது காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு. எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்பதை அந்தக் குடும்பம் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். மகன் வருவான் என்று காத்திருக்கும் ஒரு தாயின் காதில், யாரோ இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்தபடியால் அவனுடைய பெயர் மரித்தோர் வரிசையில் விழுந்தால், அந்தத் தாய்க்கு நாங்கள் செய்தது என்ன? ஒரு வீட்டில் தாய் ஒரு பக்கத்திலும் தகப்பன் மறு பக்கத்திலும் எழுத விரும்பக்கூடும். அப்போது தாயைக் கேளுங்கள், அல்லது அவன் பெயரை அன்றைக்கு மௌனத்தில் விடுங்கள். இறந்தோர் பெயர்களை வாசித்து முடித்துவிட்டு, சற்று நேரம் விட்டு, வேறொரு குரலில் காணாமல் போனோருக்காக, உயிருள்ளவர்களுக்காக மன்றாடும் முறையிலேயே, வாசிக்கவேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் பட்டமோ, எப்படி இறந்தார் என்ற விபரமோ வேண்டாம். எந்தப் பக்கத்தில் நின்றவர் என்பதும் வேண்டாம். மண்டபத்தில் பல கருத்துக்காரர் இருப்பார்கள், பெயர் எல்லோருக்கும் பொது.

செபம் சொல்பவருக்கும் ஒரு வார்த்தை. கடவுளுக்குச் செய்தி வாசித்துக் காட்டும் பழக்கம் எங்களில் சிலருக்கு உண்டு. இன்ன திகதியில் இன்ன இடத்தில் இன்னது நடந்தது, இன்னார் இன்ன அறிக்கை விட்டார் என்று அவருக்கு விபரம் சொல்கிறோம். அவருக்குத் தெரியும். பெயர்களைச் சொல்லிவிட்டு மௌனமாக இருங்கள். ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்துவிட்டுப் பத்தாவது செக்கனில் கீபோட்டைத் தொடாதீர்கள். உண்மையாகவே ஒரு நிமிடம், கையில் மணிக்கூட்டைப் பார்த்தபடி.

மெழுகுதிரி கொளுத்துவதற்குக் கோயில்காரரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கம்பளத்தில் மெழுகு சிந்தினால் அடுத்த மாதம் எங்களுக்குக் கோயில் இல்லை. மணல் போட்ட தட்டில் திரிகளை நட்டால் சிந்தாது. அத்தோடு, மெழுகுதிரி வெளிச்சம் வடிவாகத் தெரியட்டும் என்று திடீரென மின்குமிழ்களை அணைக்கிற யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். பதுங்குகுழியில் இரவைக் கழித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே இருப்பார்கள். அணைக்கத்தான் வேண்டுமென்றால் முன்பே சொல்லி, ஒவ்வொன்றாக, பின்பக்க விளக்குகளை விட்டுவிட்டு அணைக்கலாம். நவம்பரில் ஐந்து மணிக்கே வெளியில் பொழுதுபட்டுவிடுகிறது. அணைக்காமலே திரிகள் தெரியும். பலூன் கட்டுவதும் இதைப் போலத்தான். நத்தாருக்குக் கூட யோசித்துக் கட்டுங்கள், ஒன்று வெடித்தால் போதும்.

இவற்றையெல்லாம் யார் இருந்து தீர்மானிப்பது? பத்துப் பேர் கொண்ட குழு வேண்டாம். நாலு பேர் போதும்: ஒரு முதியவர், கைக்குழந்தை உள்ள ஒரு தாய், பதினாறு வயதுக்குக் கீழ் ஒருவர், ஆராதனையை நடத்துபவர். கைக்குழந்தைத் தாய் எதற்கென்றால், ஆராதனையில் எந்த இடத்தில் பிள்ளைகள் குழம்புவார்கள் என்பது அவருக்குத்தான் நிமிடக் கணக்கில் தெரியும். இளையவருக்கு வாக்கு உண்டு, தண்ணீர்ப் போத்தல் அடுக்குவதற்கு மட்டும் அவரைக் கூப்பிட வேண்டாம். இரண்டு கிழமைக்கு முன் ஒரு மாலை இருந்து ஒரே தாளில் எழுதுங்கள். இடப்பக்கம் நேரம், நடுவில் என்ன நடக்கிறது, வலப்பக்கம் யார், எந்த மொழியில். வலப்பக்கத்தை மேலிருந்து கீழே வாசித்துப் பாருங்கள். எல்லாம் ஒரே குடும்பத்துப் பெயர்களாகவோ, எல்லாம் ஆண்கள் பெயராகவோ, எல்லாம் ஒரே மொழியாகவோ இருந்தால் மாற்றுங்கள். போன கிழமை வந்த குடும்பத்துக்கு என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். காணிக்கைத் தட்டைப் பிடிக்க மொழி வேண்டாம். அப்பத்தையும் இரசத்தையும் பீடத்துக்குக் கொண்டுவரவும் மொழி வேண்டாம்.

ஐந்தே காலுக்கு வேலைக்கு ஓடுகிற தம்பியை மறக்கவேண்டாம். மன்றாட்டை ஐந்து மணிக்கு முன் முடிப்பதுபோல் வைத்தால் தன் தமையனின் பெயரைக் கேட்டுவிட்டுப் போவார். இரவு வேலையால் வரவே முடியாதவர்களுக்கு அன்றைய தாளையும் கீழ் மண்டபத்தில் மிஞ்சும் சாப்பாட்டையும் யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்பதையும் அதே தாளின் அடியில் எழுதுங்கள். யுஸ்தீன் காலத்தில் உதவியாளர் செய்த வேலை அது.

இன்னும் ஒன்று. ஒன்ராறியோவில் நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலைதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுகிறோம். புதிதாக வந்தவர்களில் யாராவது மூன்று மணிக்கே வந்து பூட்டிய கதவின் முன் குளிரில் நிற்பார்கள். முதல் ஞாயிறே அறிவித்தல் தாளில் போட்டுவிடுங்கள், திறப்பு வைத்திருப்பவரையும் அன்றைக்கு மூன்று மணிக்கே வரச் சொல்லுங்கள்.

பெயர்க் கொப்பியை ஆராதனை முடிந்ததும் எறிந்துவிடாமல் ஒரு பொறுப்பான அக்காவிடமோ அண்ணையிடமோ கொடுத்து வைக்கவும். அடுத்த ஆண்டு அதே கொப்பிதான். சில பெயர்களை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு மாற்றும்படி சில வீட்டார் கேட்பார்கள். கேட்கும்வரை மாற்ற வேண்டாம்.

அடுத்த இதழில் நத்தார் கரோல் பவனியைப் பற்றி: தொடர்மாடிக் கட்டடங்களில் எத்தனை மணிவரை பாடலாம், மின்தூக்கியில் மிருதங்கம் கொண்டுபோகலாமா என்று இரண்டு வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள்.